கடன் நோட்டில் மூன்று பத்திகள்

மேசை இழுப்பறையில், தீர்ந்துபோன பேட்டரிகளுக்கும் பழைய சாவிகளுக்கும் அடியில், பிரிக்கப்படாத 11 கடித உறைகள் கிடந்தன. என் மனைவி அளவுநாடா தேடி அந்த இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்த மாலை வரை, எங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்பது எனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கும் தெரியாது. உறையையே பிரிக்காதவனுக்குத் தொகை எப்படித் தெரியும்? அவள் கோபப்படவில்லை. உறைகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்துவிட்டு, "இதை எத்தனை நாளா தனியா சுமந்துக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அன்றிரவு எல்லாவற்றையும் பிரித்துக் கூட்டிப் பார்த்தோம். மொத்தம் ஏழு இடங்களில் கடன் இருந்தது. தொகை என் 14 மாதச் சம்பளத்துக்குச் சமம். மாதந்தோறும் கட்ட வேண்டிய தவணைகள் மட்டும் சம்பளத்தில் பாதியைத் தாண்டியிருந்தன. அடுத்த நான்கு ஆண்டுகளில் அந்தக் கடன்களிலிருந்து எப்படி வெளியே வந்தோம் என்பதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. கடனுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை நாட்டு நடப்பு பேசுகிறவர்களின் வாதமாகத்தான் முன்பு கருதியிருந்தேன். அந்தக் கேள்விக்கு நாம் சொல்லிக்கொள்ளும் பதிலைப் பொறுத்தே அடுத்த மாதம் நாம் என்ன செய்கிறோம் என்பது அமைகிறது என்று பிறகுதான் புரிந்தது.

செய்தி வெளியே தெரிந்தவுடன் இரண்டு விதமான அறிவுரைகள் வந்தன. வயதில் மூத்த உறவினர் ஒருவர், விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்றார். வரவுக்குள் வாழத் தெரியாதவனுக்கு இதுதான் கதி என்பது அவருடைய முடிவு. உடன் வேலை செய்த நண்பர் ஒருவர் அதற்கு நேர்மாறாகச் சொன்னார். சம்பளத்தைத் தாமதமாகத் தருகிறவனும், சிகிச்சைக்கு வாய்க்கு வந்த தொகையைக் கேட்கிறவனும், வட்டியை மறைத்து எழுதுகிறவனும் சேர்ந்து உருவாக்கிய கடனை நீ ஏன் சுமக்கிறாய், கட்டாமல் விட்டுவிடு என்றார். முதலாமவரின் பேச்சைக் கேட்டபோது தலைகுனிந்தேன். உறைகளை மறுபடியும் இழுப்பறைக்குள் தள்ளிவிடலாமா என்று தோன்றியது. இரண்டாமவரின் பேச்சைக் கேட்டபோது நெஞ்சு இலேசானது. அப்போதும் உறைகளை இழுப்பறைக்குள் தள்ளிவிடலாம் என்றுதான் தோன்றியது. இரண்டு அறிவுரைகளும் என்னை ஒரே இடத்தில் கொண்டுபோய் விட்டன என்பதை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

வழி சொன்னது என் அக்கா. கணக்கு எழுதுவதே அவளுக்கு வேலை. ஏழு கடன்களையும் தாளில் எழுதிக்கொண்டு போய் அவள் முன் வைத்தபோது, "தம்பி, எவ்வளவுன்னு எழுதியிருக்க. எதுக்குன்னு எழுதலையே" என்றாள். ஒவ்வொரு கடனையும் எடுத்து, அது எதனால் வந்தது என்று பிரித்து எழுதச் சொன்னாள். ஒவ்வொரு வகைக் காரணத்துக்கும் நோட்டில் ஒரு பத்தி; அப்படிப் பிறந்தவைதாம் அந்த மூன்று பத்திகள்.

முதல் பத்தியில் எங்களால் தடுத்திருக்க முடியாதவை சென்றன: அம்மாவின் அறுவைச் சிகிச்சை, அதைத் தொடர்ந்த மருந்துச் செலவு, நிறுவனம் மூன்று மாதம் சம்பளம் தராமல் இழுத்தடித்தபோது வாங்கிய கைமாற்று. இரண்டாம் பத்தியில் நான் தேர்ந்தெடுத்த செலவுகள். மூன்றாம் பத்தியில் எந்தப் பொருளும் வாங்காமல், எந்த நோயும் வராமல், கடன் என்பதனாலேயே வளர்ந்தவை: வட்டி, வட்டிக்கு வட்டி, தாமதக் கட்டணம், பரிசீலனைக் கட்டணம். மொத்தத்தை 100 என்று கொண்டால் முதல் பத்தியில் 41, இரண்டாவதில் 32, மூன்றாவதில் 27 என்று வந்தது.

இப்படிப் பிரிப்பது நாங்கள் கண்டுபிடித்த புதுமை அல்ல. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் எழுதப்பட்ட, மன்னன் ஹம்முராபியின் சட்டத் தொகுப்பில் 48ஆம் விதி இதைத்தான் செய்கிறது. கடன்பட்டவனுடைய வயலைப் புயல் அழித்தாலோ, தண்ணீரின்றிப் பயிர் விளையாமல் போனாலோ, அந்த ஆண்டு அவன் கடன் கொடுத்தவனுக்குத் தானியம் கொடுக்க வேண்டாம். கடன் எழுதிய களிமண் பலகையை நனைத்து மாற்றிக்கொள்ளலாம். அந்த ஆண்டுக்கு வட்டியும் இல்லை. அதே தொகுப்பில் 53ஆம் விதி, தன் வயலின் கரையைப் பராமரிக்காமல் சோம்பியிருந்து, கரை உடைந்து, தண்ணீர் அடுத்தவர் விளைச்சலை அழித்தால், அந்தத் தானியத்தை அவனே ஈடு செய்ய வேண்டும் என்கிறது. புயலுக்கு ஒரு விதி, உடைந்த கரைக்கு ஒரு விதி. கடுமையான தண்டனைகளுக்குப் பெயர்போன ஒரு சட்டம்கூட இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. இதைப் படித்த பிறகு எங்கள் வீட்டில் முதல் பத்தியைப் புயல் என்றும் இரண்டாவதைக் கரை என்றும் சொல்லத் தொடங்கினோம்.

எந்தச் செலவு எந்தப் பத்தியில் சேரும் என்பதில் எங்களுக்குள் பெரிய வழக்கே நடந்தது. அதை விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் தனிமனிதப் பொறுப்பு, சமூக அமைப்பின் பொறுப்பு என்று நாம் பேசும் இரண்டும் அங்கேதான் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நான் தவணையில் வாங்கிய வாகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் புயலில்தான் எழுத வேண்டும் என்று நான் வாதாடினேன். நிறுவனம் அலுவலகத்தை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டது. இரவு வேலை முடியும் நேரத்தில் அங்கிருந்து பொதுப் போக்குவரத்து கிடையாது. வாகனம் இல்லாவிட்டால் வேலை இல்லை. அக்கா மறுக்கவில்லை. ஆனால், "வண்டி வேணும், சரி. இந்த வண்டிதான் வேணுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்றுதான் இருந்தது. வேலைக்குப் போய்வரப் போதுமான வாகனத்தின் விலை, நான் வாங்கியதில் பத்தில் ஆறு பங்கு. ஆகவே ஆறு பங்கைப் புயலிலும் நான்கு பங்கைக் கரையிலும் எழுதினோம். அம்மாவின் சிகிச்சையிலும் இப்படி ஒரு துண்டு இருந்தது. மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்க வந்த நினைவூட்டலை நான் இரண்டு முறை தள்ளிப்போட்டு, அது காலாவதியாகியிருந்தது. காப்பீடு இருந்திருந்தாலும் முழுச் செலவையும் அது ஏற்றிருக்காது. ஏற்றிருக்கக்கூடிய பகுதியை மட்டும் கணக்கிட்டு இரண்டாம் பத்திக்கு நகர்த்தினோம். அந்த எண்ணை எழுதும்போது என் கை தயங்கியது. எழுதி முடித்தபின், அதுவரை என்னைத் துரத்திக்கொண்டிருந்த "எல்லாமே என்னால்தான்" என்ற எண்ணம் ஓர் எல்லைக்குள் வந்து நின்றது. என் தவறுக்கு இப்போது ஓர் அளவு இருந்தது. அளவுள்ள தவறைத் திருத்த முடியும்.

மூன்றாம் பத்தியின் கதை வேறு. அது பெரும்பாலும் கணக்கு தெரியாததன் விலை. தெரியாத வகையில் அதை எழுதித் தந்தவர்களுக்குக் கிடைத்த ஆதாயமும் அதுவே. நான் வாங்கிய கடன்களில் ஒன்றுக்கு வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றுதான் சொன்னார்கள். அது ஃப்ளாட் வட்டி, அதாவது முதலில் வாங்கிய முழு அசலுக்கும் கடைசிவரை போடும் வட்டி. 1,20,000 கடனுக்கு ஓராண்டு வட்டி 14,400. இரண்டையும் கூட்டி 12ஆல் வகுத்தால் மாதத் தவணை 11,200. பார்வைக்கு நேர்மையான கணக்கு. ஆனால் ஆறு தவணை கட்டி முடித்தவுடன் அசலில் பாதி திரும்பிப் போய்விடுகிறது; வட்டியோ அப்போதும் முழு 1,20,000 நம் கையில் இருப்பதாகவே கணக்கிடப்படுகிறது. குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் வட்டி என்ற முறையில் இதே தவணையைக் கணக்கிட்டால், உண்மையான வட்டி ஏறத்தாழ 21.5 சதவீதம். பரிசீலனைக் கட்டணமாக 2 சதவீதத்தை முன்னதாகவே பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தால் அது 25 சதவீதத்தையும் தாண்டுகிறது. கையெழுத்துப் போடும்போது 12 என்ற எண்ணை மட்டுமே நான் பார்த்திருந்தேன்.

கடன் அட்டையின் மினிமம் டியூ, அதாவது மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, இன்னும் மோசம். மாதம் 3 சதவீத வட்டியில் 1,00,000 நிலுவை இருக்கிறது, மாதந்தோறும் நிலுவையில் 5 சதவீதம் மட்டும் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் வட்டியோடு சேர்த்து 1,03,000 ஆகிறது, 5,150 கட்டுகிறோம், மிச்சம் 97,850. ஐயாயிரத்துக்கு மேல் கட்டியும் கடன் குறைந்தது 2,150 மட்டுமே. புதிதாக எதையும் வாங்காமல் இப்படியே கட்டிக்கொண்டு போனால் கடன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 32 மாதங்கள் ஆகும். நான் அந்தத் தொகையைத் தவறாமல் கட்டியதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒழுங்காகக் கட்டுகிறவன் என்று எனக்கு நானே சான்று கொடுத்துக்கொண்டேன். அமெரிக்காவில் 2009இல் வந்த கடன் அட்டைச் சட்டம், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் கடன் தீர எவ்வளவு காலம் ஆகும் என்பதை மாதாந்திர அறிக்கையிலேயே அச்சிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. என் கைக்கு வந்த தாளில் அப்படி ஒரு வரி இருந்திருந்தால், நான் ஓராண்டு முன்னதாகவே விழித்திருப்பேன் என்று உறுதியாக நம்புகிறேன்.

மூத்த உறவினரின் அறிவுரையில் எனக்கு இன்றும் உடன்பாடில்லாத இடம் இதுதான். அமெரிக்கக் குடும்பங்களின் மொத்தக் கடன் 2000இல் ஏறத்தாழ 7 லட்சம் கோடி டாலராக இருந்து, 2007இல் 14 லட்சம் கோடி டாலரானது. ஏழு ஆண்டுகளில் இரு மடங்கு. அந்த ஏழு ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் சிக்கனத்தை மறந்துவிட்டார்கள் என்று சொல்வது பொருந்தாது. திருப்பிக் கட்ட முடியுமா என்று பாராமல் கடன் கொடுத்து, அந்தக் கடன் பத்திரங்களை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு லாபம் பார்க்க வழி இருந்தது, அதனால் கொடுத்தார்கள். மனித சுபாவம் அங்கே மாறவில்லை. கடன் கொடுக்கும் முறை மாறியது. அதே சமயம், அந்தக் காலத்திலும் கடன் வாங்காமல் இருந்த குடும்பங்கள் இருந்தன என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. சாய்வான தரையில் எல்லாரும் விழுவதில்லை; ஆனால் விழுகிறவர்களின் எண்ணிக்கை கூடினால் தரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் என் அனுபவத்திலிருந்து சொல்ல வேண்டும். கடன் முற்றிய மாதங்களில் நான் செய்த தவறுகள் பல, கடன் இல்லாத காலத்தில் நான் செய்திருக்கமாட்டாத தவறுகள். கையில் பணம் இருந்தும் கடைசித் தேதியை மறந்து தாமதக் கட்டணம் கட்டினேன். ஒரே நிறுவனத்துக்கு ஒரே தவணையை இரண்டு முறை அனுப்பினேன். செந்தில் முல்லைநாதன், எல்தார் ஷஃபீர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2013இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்பு பணமுடையான நேரத்திலும், அறுவடைக்குப் பின்பு கையில் பணம் வந்த நேரத்திலும் ஒரே விதமான சிந்தனைத் தேர்வுகளை வைத்தார்கள். அதே மனிதர்கள்தாம், ஆனால் அறுவடைக்கு முன்பு அந்தத் தேர்வுகளை அவ்வளவு நன்றாகச் செய்யவில்லை. பணக்கவலை மூளையில் இடம் பிடித்துக்கொள்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். அதைப் படித்தபோது, என்னை நானே மடையன் என்று திட்டிக்கொண்ட இரவுகள் நினைவுக்கு வந்தன.

மூன்று பத்திகளும் மூன்று வேறு வேலைகளைக் கேட்டன. முதல் பத்தியில் இருந்தவற்றுக்கு என் ஒழுக்கம் மருந்தல்ல. அங்கே தேவைப்பட்டது பேச்சு. மருத்துவமனைக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, மீதமிருந்த தொகையை வட்டியில்லாத தவணைகளாக மாற்றிக்கொண்டோம். கைமாற்று தந்த மூன்று பேரையும் நேரில் பார்த்து, யாருக்கு எந்த மாதம் எவ்வளவு தர முடியும் என்று தேதி போட்ட தாளைக் கொடுத்தேன். அவர்களில் இருவர், நான் அழைப்புகளை எடுக்காமல் இருந்ததுதான் வருத்தம் என்றார்கள்; தாமதத்தை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறுவனங்களிடம் பேசுவதாக இருந்தால் தவணை தவறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். தவறிய பிறகு வசூல் பிரிவுதான் நம்மிடம் பேசும். அதற்கு முன்பு என்றால் காலத்தை நீட்டித் தரும் அதிகாரம் உள்ளவர் பேசுவார். பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட வேண்டும். வாய்ச்சொல்லாகக் கிடைத்த சலுகை ஒன்று, அதைத் தந்த அலுவலர் மாற்றலாகிப் போனவுடன் இல்லாமல் போனது எனக்கு நேர்ந்த அனுபவம்.

மூன்றாம் பத்திக்கு வேண்டியது கணக்கு. ஏழு கடன்களின் உண்மையான ஆண்டு வட்டியையும் ஒரே முறையில் கணக்கிட்டு, மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தினோம். எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு, மிஞ்சுவது முழுவதையும் அதிக வட்டிக் கடனில் போடுவதே கணக்குப்படி சரி. ஆனால் நாங்கள் முதலில் அடைத்தது இருப்பதிலேயே சின்னக் கடனை. அதனால் கொஞ்சம் வட்டி கூடுதலாகப் போனது உண்மை. ஏழு ஆறாகக் குறைந்த அன்று வீட்டில் கிடைத்த தெம்புக்கு அந்த விலை தகும் என்றே இன்றும் நினைக்கிறேன். அதன் பிறகு வட்டி வரிசைப்படியே போனோம். அட்டை நிலுவையைக் குறைந்த வட்டிக் கடனாக மாற்றியபோது அட்டையை அன்றே ரத்து செய்தேன். செய்யாமல் விட்டால் ஆறு மாதத்தில் இரண்டு கடனும் சேர்ந்து நிற்கும். தாமதக் கட்டணங்களைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்டதில் ஓரிடத்தில் முழுவதும், இன்னோரிடத்தில் பாதியும் தள்ளுபடி ஆயின. கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: மொத்தமாக ஒரு தொகைக்குப் பேசி முடித்தால், கடன் முழுதும் தீர்ந்ததா, சமரசத்தில் முடிந்ததா என்று கடன் வரலாற்றில் எப்படிப் பதிவாகும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நிலுவை இல்லை என்ற சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகே எழுந்து வர வேண்டும்.

இரண்டாம் பத்தி முழுக்க என்னுடையது. வாகனத்தை விற்றுச் சிறியதாக வாங்கினேன். காப்பீட்டைப் புதுப்பித்தேன். மாதக் கணக்கை மனைவியும் நானும் சேர்ந்து எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். என் வீழ்ச்சியில் பெரும் பங்கு மறைப்புக்குத்தான் உண்டு என்பதால், இந்த ஒரு பழக்கத்தை மற்ற எல்லாச் சிக்கனத்தைவிடவும் மேலானதாகக் கருதுகிறேன். கடன் அடைக்கும் காலத்திலேயே மாதம் ஒரு சிறு தொகையைத் தனியே எடுத்து வைத்தோம். கடன் இருக்கும்போது சேமிப்பு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. அந்தச் சேமிப்பு இருந்ததால்தான் வண்டி பழுதான மாதத்தில் புதுக்கடன் வாங்காமல் தப்பித்தோம்.

வசூலுக்கு வந்த ஒருவர் ஒருமுறை சிறைக்கு அனுப்பிவிடுவதாக மிரட்டினார். குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 1966இல் ஏற்கப்பட்டது. ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எவரையும் சிறையில் அடைக்கக் கூடாது என்கிறது அதன் 11ஆம் பிரிவு. பொய்யான தகவல் தந்து கடன் வாங்குவதும் பணமில்லாத காசோலை கொடுப்பதும் வேறு. அவை பல நாடுகளில் குற்ற வழக்கில் கொண்டுபோய் விடும். இந்த வேறுபாட்டை அறிந்திருந்ததால் அந்த மனிதரிடம் அமைதியாகப் பேச முடிந்தது. எழுத்தில் தாருங்கள் என்றேன். அதன் பிறகு அவர் வரவில்லை.

பண அறிவைப் பள்ளியிலேயே கற்றுக் கொடுத்துவிட்டால் குடும்பங்கள் கடனில் விழாது என்று சொல்கிறவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. முழு உடன்பாடு இல்லை. அந்தக் கல்வி என் நோட்டில் இரண்டாம் பத்தியில் பெரும்பகுதியையும் மூன்றாம் பத்தியில் ஒரு பகுதியையும் தடுத்திருக்கும். முதல் பத்தியின் 41ஐ அது தொட்டிருக்காது. அதற்கு வேண்டியது நாள் தவறாத சம்பளமும், வீட்டை விற்காமல் செய்துகொள்ளக்கூடிய சிகிச்சையும். மூன்றாம் பத்தியின் மறுபாதிக்கு விதிகள் வேண்டும். பிரிட்டன் 2015 ஜனவரியிலிருந்து குறுகிய கால அவசரக் கடன்களுக்கு நாளொன்றுக்கு 0.8 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. வட்டியும் கட்டணமும் சேர்ந்து அசலைத் தாண்டக் கூடாது என்றும் விதித்தது. வட்டி அசலை மிஞ்சலாகாது என்ற கருத்து, தாம்துபட் என்ற பெயரில் பழைய இந்துச் சட்டத்திலும் இருந்ததுதான். அப்படி ஓர் எல்லை இருக்கும் இடத்தில், மனிதனின் ஒரு தவறு ஒரு தவறாகவே நின்றுவிடுகிறது, பத்தாகப் பெருகுவதில்லை.

எங்கள் கடைசிக் கடன் அடைந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. போன மாதம் அக்கா மகன் தயங்கித் தயங்கி வந்து, "மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து சில உறைகளை எடுத்து மேசைமேல் வைத்தான். எவ்வளவு, எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு கத்தரிக்கோலையும் கோடு போடாத நோட்டு ஒன்றையும் எடுத்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று நான்கு உறைகளைப் பிரித்தோம். இன்னும் இரண்டு இருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறான், அம்மாவையும் அழைத்துக்கொண்டு.